நட்சத்திரம் எங்கேயும் போகவில்லை

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் புரொஜெக்டரில் கணினிக் கருவி ஒன்றை ஓட்டி விண்மீன் பரிணாமம் (நட்சத்திரம் பிறந்ததிலிருந்து முடிகிற வரை மாறுகிற கதை) நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்பெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாக வந்தது. முடிந்ததும் "நல்லாத்தானே போச்சு அண்ணாச்சி?" என்று வேறு கேட்டார். அந்தத் தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். நெட் வராது, கரண்ட் போகும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அச்சுகளைச் சொல்லாமல் 'ப்ளே' அமுக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். ஸ்டார் இன் எ பாக்ஸ் போன்ற இணையக் கருவியில் நட்சத்திரத்தின் நிறையைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால், எச்-ஆர் வரைபடத்தில் (ஒளியையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் இரண்டு அச்சாக வைத்தது) ஒரு புள்ளி வளைந்து வளைந்து போகும். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள், நாமும் பாடம் ஏறிவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்படி மூன்று வகுப்பு முடித்த பிறகு ஒரு பிள்ளை எழுந்து, "சூரியன் அந்த மூலைக்குப் போயிட்டுன்னா நம்ம ஊர்ல வெயிலு கொறஞ்சிருமா சார்?" என்றாள். மொத்த வகுப்பும் அந்தப் புள்ளியை வானத்தில் நகரும் சூரியனாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது! மூன்று வகுப்பும் தண்டம்.

புள்ளி மேலே போனால் ஒளி கூடுகிறது, வலப்பக்கம் போனால் மேற்பரப்பு குளிர்கிறது, அவ்வளவுதான். (வெப்பநிலை இடப்பக்கமாக ஏறுவது தனிக் குழப்பம்.) இப்போதெல்லாம் கணினியைத் திறக்கும் முன் அங்கன்வாடி வளர்ச்சி அட்டை ஒன்றைக் காட்டுகிறேன். மாசாமாசம் எடை பார்த்து வைக்கிற புள்ளி மேலே ஏறிக்கொண்டே போகும், பிள்ளை அம்மா இடுப்பில்தான் இருக்கும். அப்புறம் திருவாதிரை நட்சத்திரம். நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் மார்கழித் திருவாதிரை தரிசனம் பார்த்த பிள்ளைகளுக்குப் பெயர் புதிதில்லை. அதன் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின், சூரியனுக்கோ கிட்டத்தட்ட 5,800. இருந்தும் ஒளி பல்லாயிரம் மடங்கு, உடம்பு அத்தனை பெரிது. எங்கே வைக்கலாம் என்று கேட்டால், வலது மேல் மூலையை அவர்களே காட்டிவிடுகிறார்கள்.

திரையின் வேகத்தை நம்புவது

சூரியன் முதன்மைத் தொடரில் (மையத்தில் ஹைட்ரஜன் எரிகிற காலம்) ஏறக்குறைய 1,000 கோடி வருஷம் இருக்கும். அதைப்போல் 10 மடங்கு நிறை உள்ளது 2, 3 கோடியில் முடிந்துவிடும். திரையில் இரண்டும் ஒரே ஓட்டமாக ஓடும். ஓடுகிற வயதை ஒரு பிள்ளையை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

மெசா-வெப்

நட்சத்திரப் பரிணாமத்தைக் கணக்கிட்டுத் தரும் இணையதளம். எந்த நட்சத்திரத்துக்குக் கணக்கிட வேண்டும் என்பதை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள், முடிவு மின்னஞ்சலில்தான் வரும்.

ஸ்டெல்லாரியம்

வானம் பார்க்கிற மென்பொருள். பரிணாமத்துக்கு ஆகாது.