திரைவாசிப்பானின் துணையுடன் கோப்பைப் பதிவிறக்கும் முறை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில் கணினி பழகும் பார்வையற்றோருக்கு, அரசாங்கப் பக்கங்களிலிருந்து விண்ணப்பப் பாரங்களைப் பதிவிறக்க திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளான என்விடிஏவே போதுமானது. பக்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டிராமல் இன்செர்ட்டுடன் எஃப்7 விசையை அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் திறக்கும்; வடிகட்டும் பெட்டியில் ‘முவாட்’ என்ற மலாய்ச் சொல்லை ரூமி (ஆங்கில) எழுத்தில் தட்டினால், ‘முவாட் துருன்’ (பதிவிறக்கு) போன்று அச்சொல் உள்ள இணைப்புகள் மட்டும் எஞ்சும். அங்கே கிடைக்காவிட்டால் ஆல்ட்டுடன் பி அழுத்திப் பொத்தான்களில் தேடுங்கள். பல பக்கங்களில் அது அங்கேதான் இருக்கிறது.

பிடிஎஃப் கோப்பு சேமிக்கப்படாமல் உலாவியிலேயே திறந்துகொண்டால், முந்தைய பக்கத்திற்குத் திரும்பி, அந்த இணைப்பின்மீது ஷிஃப்டுடன் எஃப்10 அழுத்தி, இணைப்பைச் சேமிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுக்கலாம். குரோமில் கன்ட்ரோலுடன் ஜே அழுத்தினால் பதிவிறக்கங்களின் பட்டியல் திறக்கும். பெயரின் கடைசி எழுத்துகளைக் கட்டாயம் கேளுங்கள்: பாரம் என்று சொல்லி இறங்கிய கோப்பு ‘இஎக்ஸ்இ’ என முடிந்தால் அது ஆவணமல்ல, இயங்கும் நிரல்; திறக்காமல் உடனே அழித்துவிடுங்கள்.