ஹார்ட்டிஸ் டேம்ல பச்சையா தெரியுறதெல்லாம் பாசி இல்ல

தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியா பக்கத்துல இருக்கிற ஹார்ட்பீஸ்பூர்ட் டேம், இங்க எல்லாரும் ஹார்ட்டிஸ்னுதான் சொல்லுவாங்க, சாட்டிலைட் படத்துல பாசி பாக்க பழகுறதுக்கு ரொம்ப தோதான தண்ணி, ஏமாறுறதுக்கும் அதே அளவு தோது. நானே ஏமாந்திருக்கேன். சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் படத்துல என்டிவிஐ (சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு பச்சையத்தை காட்டுற கணக்கு) போட்டேன், ஒரு ஓரமா சும்மா கும்முன்னு ஏறி நின்னுச்சு, சரி பாசி பொங்கிருச்சுன்னு மேப் போட்டு அனுப்பியும் தொலைச்சுட்டேன். சனிக்கிழமை லெனேசியாவுலேர்ந்து வந்த மாமாவோட போட்ல போய் பாத்தா அத்தனையும் ஆகாயத்தாமரை! குச்சியால தூக்கினா கறுப்பு தாடி மாதிரி வேர் தொங்குது.

என்டிவிஐக்கு பச்சையம் இருந்தா போதும், இலையா பாசியான்னு அது பாக்காது. 1610 நானோமீட்டர் பேண்டையும் (சாட்டிலைட் தனியா அளக்குற ஒரு அகச்சிவப்பு அலைநீளப் பட்டை) சேத்து பாருங்க, தண்ணிக்கு மேல நிமிர்ந்து நிக்கிற இலை அங்கயும் நல்லா பிரதிபலிக்கும், தண்ணியில ஊறிக்கிடக்கிற பாசி ரொம்ப கம்மியாதான் காட்டும். பாசிப்படலம் ரொம்ப தடிச்சு போச்சுன்னா இதுவும் குழப்பும், அப்போ போட்தான் கதி.

அடுத்த தப்பு, சென்டினல்-2ல நீலப்பச்சைப் பாசியை தனியா பிரிச்சு சொல்ல முடியும்னு நினைக்கிறது. அந்தப் பாசியோட ஃபைக்கோசயனின் நிறமி 620 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை உறிஞ்சும், அந்த பேண்டே அதுல கிடையாது. சென்டினல்-3ங்கிற இன்னொரு சாட்டிலைட்ல இருக்கு, ஆனா பிக்ஸல் 300 மீட்டர். சுமார் 20 சதுர கிலோமீட்டர் டேமுக்கு 220 பிக்ஸல்தான் வரும், அதுலயும் கரையை ஒட்டினதெல்லாம் பாதி மண்ணு பாதி தண்ணி, தூக்கி போட்டுடுங்க. பாசி காத்துல ஒதுங்கி சேர்றதே கரையிலதான்ங்கிறது வேற வயித்தெரிச்சல்.

நிலத்துக்குன்னு செஞ்ச வளிமண்டல திருத்தத்தை (நடுவுல இருக்கிற காத்து சிதறடிச்ச ஒளியை படத்துலேர்ந்து கழிக்கிற கணக்கு) தண்ணிக்கு அப்படியே போடாதீங்க, தண்ணியிலேர்ந்து வர்ற ஒளி ரொம்ப கொஞ்சம், சின்ன பிழையே அதை முழுங்கிடும்.

நேரமும் முக்கியம். மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற நீலப்பச்சைப் பாசிக்கு உள்ளுக்குள்ள காத்துப்பை இருக்கு, காத்து அடங்கின காலையில மேல வந்து மிதக்கும், மத்தியானம் காத்து அடிச்சா தண்ணியோட கலந்துடும். சாட்டிலைட் காலையில எடுத்த படத்தையும், நீங்க சாயங்காலம், இல்ல ரெண்டு நாள் கழிச்சு, பாட்டில்ல மொண்ட தண்ணியையும் ஒப்பிட்டு மாடல் சரியில்லன்னு திட்டுறது பாவம்.

கரையேறினப்ப மாமா கேட்டார், "இந்த மேப்ல பாசின்னு சிவப்பு போடாத இடத்துல நாய் தண்ணி குடிக்கலாமாப்பா?" வேணாம் மாமா, சாட்டிலைட்டுக்கு நிறமிதான் தெரியும், அந்தப் பாசி விடுற மைக்ரோசிஸ்டின் விஷம் தெரியாது, அதுக்கு லேப்தான்னேன். நாயை காருக்குள்ள ஏத்திட்டார்.