எல்எஸ்6 செவெல் பார்க்கப் போகிறீர்களா? ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

செவர்லே கம்பெனியின் 1970 செவெல் எஸ்எஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, "ஒரிஜினல் எல்எஸ்6" என்கிறார்கள், அதாவது அந்தக் காரின் 454 கன அங்குல என்ஜின்களில் பலம் கூடியது, ஆலையிலேயே போட்டது. டாஷ்போர்டில் இருக்கும் வின் எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 13637 என்று தொடங்கினால் வி8 என்ஜின் போட்ட மாலிபு (செவெலில் ஒரு ரகம்) கூப்பே, அவ்வளவுதான். 360 குதிரைத்திறன் எல்எஸ்5 போட்ட காருக்கும், 450 குதிரைத்திறன் எல்எஸ்6 போட்ட காருக்கும் எண் இப்படித்தான் தொடங்கும். பேட்ஜ், பானட், பட்டைக் கோடு எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

நான் மிச்சிகனில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். அதனால் நேராக என்ஜினுக்குத்தான் போவேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வலது கைப் பக்கம், என்ஜின் பிளாக்கின் முன்முனையில், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையாக ஓர் இடம் இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், எமரி தாள் கூடவே கூடாது. நாம் பார்க்க வந்ததே அந்த மேற்பரப்பைத்தான்.

டி0331சிஆர்வி என்பது போல எழுத்துகள் தெரியும். டி (ஆங்கில T) என்றால் டொனவாண்டா ஆலை, 0331 மார்ச் 31, சிஆர்வி என்றால் நான்கு கியர் எல்எஸ்6. ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர். கூடவே காரின் வின் எண்ணில் ஒரு பகுதியும் அடித்திருக்கும்.

இப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையில் அந்த முகத்தை பிரோச் என்ற பல் வைத்த வெட்டுக்கருவியால் சீவியதால், முன்னிருந்து பின்னாக மயிரிழை போல நேர்க்கோடுகள் ஓடும். எழுத்துகளுக்கு நடுவிலும் அவை தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவோ, வட்ட வட்டமாகத் தேய்த்த தடமாகவோ இருந்தால், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். ஓவர்ஹாலில் டெக்கை, அதாவது பிளாக்கின் மேல்முகத்தை, சீவிய நல்ல காரிலும் இது நடக்கும் என்பதால், உடனே யாரையும் மோசடிக்காரர் ஆக்கிவிட வேண்டாம்.

அப்புறம் தேதிகள். பிளாக்கை வார்த்த தேதி முதலில், என்ஜின் கோத்த தேதி அடுத்து, கார் கடைசியில். போன வருடம் சிவப்பு செவெல் ஒன்றைப் பார்த்தேன், அழகான கார். என்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும் கவுல் தகட்டில் 02பி, அதாவது கார் தயாரானது பிப்ரவரி இரண்டாம் வாரம். பிளாக்கில் வார்த்திருந்தது டி 9 0 (இந்த டி ஆங்கில D, நான்காம் மாதம்), அதாவது 1970 ஏப்ரல் 9. கார் பிறந்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்த பிளாக்! எழுத்தென்னவோ சிஆர்வி என்றுதான் இருந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, கிளம்பி வந்துவிட்டேன்.

காகிதம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பில்ட் ஷீட் (காரில் என்னென்ன போட வேண்டும் என்ற ஆலைப் பட்டியல்) பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் சீட் ஸ்பிரிங்கில் சிக்கியிருக்கும். அதில் உள்ள வின் எண் இந்தக் காருடையதுதானா என்று ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். வாரண்டி புத்தகத்தில் பதித்த உலோகத் தகடு இருந்தால் இன்னும் நல்லது.

காகிதமும் இல்லை, அந்த இடமும் பளபளக்கிறது என்றால், 454 என்ஜின் மாற்றிப் போட்ட நல்ல மாலிபுவுக்கு என்ன விலையோ அதைத்தான் நான் கொடுப்பேன்.