பள்ளி மைதானத்தில் டிஸ்க் கோல்ஃப்: குட்டிக் களத்தை ஆடும் முறை

அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் பல பள்ளிகளின் புல்வெளி ஓரத்தில், சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைகள் சில நிற்கும். அவை டிஸ்க் கோல்ஃப் ஆடுவதற்கானவை. எறிமேடையில் நின்று பிளாஸ்டிக் பறக்கும் தட்டை (டிஸ்க்) வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். கூடைக்குள் சேர்க்க எத்தனை எறிகள் ஆயின என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வென்றார். கோல்ஃபிலிருந்து வந்த பழக்கத்தால், கூடையைக்கூட ‘குழி’ என்றுதான் எண்ணுவார்கள்.

பெரிய பூங்காக்களில் 18 குழிகள் இருக்கும்; நூறு மீட்டரைத் தாண்டும் குழிகள் அங்கே சாதாரணம். பள்ளிக் களம் பெரும்பாலும் 9 குழிகளோடு முடிந்துவிடும். ஒவ்வொன்றும் சுமார் 40 முதல் 80 மீட்டர்தான், எல்லாம் பார் 3, அதாவது மூன்று எறிகளில் முடிக்க வேண்டியவை. இங்கே தோள் வலிமைக்கு வேலை குறைவு.

முதலில் தட்டு. பெரும்பாலான தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சரிவு. முதல் எண் 2 அல்லது 3 என்றால் பட்டர், கூடையருகே எறிவதற்கானது. 4, 5 என்றால் மிட்ரேஞ்ச், நடுத்தரத் தூரத்துக்கானது. 9க்கு மேல் போனால் தொலைதூர டிரைவர். புதிதாக வருகிறவர்கள் ‘நன்றாகப் பறக்கும்’ என்று நம்பி வாங்குவது இந்த டிரைவரைத்தான். அது பறக்க வேண்டுமானால் கை அதற்கேற்ற வேகத்தில் சுழல வேண்டும். அந்த வேகம் இல்லாவிட்டால் எறிந்த சிறிது தூரத்திலேயே இடப்பக்கம் வெட்டித் தரையில் குத்தும். ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் போதும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டர் (2, 3, 0, 1), டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1) இரண்டும் பல ஆண்டுகளாக எல்லோர் பையிலும் இருப்பவை. பெரியவர்களுக்கு 165–175 கிராம், சிறுவர்களுக்கு 150 கிராமோ அதற்குக் குறைவோ நல்லது. தட்டின் அடியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். கண்டெடுத்தவர் அழைத்துச் சொல்வது இந்த ஆட்டத்தின் மரியாதை.

வலது கைக்காரர் புறங்கை வீச்சில் (தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து) எறிந்தால், தட்டு மேலிருந்து பார்க்கக் கடிகார முள் போலச் சுழலும். வேகம் அடங்கும்போது இடப்பக்கம் சாயும். அதனால் கூடைக்குச் சற்று வலப்புறம் குறிவையுங்கள். இடது கைக்காரருக்கு எல்லாம் நேர்மாறு. எறிமேடையில் ஓடி வந்து வீசத் தேவையில்லை. நின்றபடியோ ஓரடி எடுத்து வைத்தோ வீசினால் 60 மீட்டருக்குக் கை பழகிவிடும். பள்ளிகளில் எறிமேடை என்பது பல இடங்களில் வெறும் புல்லும் ஒரு சிறு பலகையும்தான். காலைப் பனியில் அது வழுக்கும். ஓடி வருகிறவர்தான் முதலில் விழுவார்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: தட்டின் முன்விளிம்பு மேலே தூக்கியபடி கையை விட்டுப் போவது. தட்டு உயரே ஏறும், நின்றுவிடும், பிறகு இடப்பக்கமாகச் சரிந்து விழும். ‘இன்னும் பலமாக வீச வேண்டும்’ என்று தோன்றும். பலமாக வீசினால் இன்னும் உயரே ஏறும், அவ்வளவுதான். செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவதுபோல மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைத்து, தட்டை மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். எதிர்க்காற்றில் இந்தத் தவறு இரட்டிப்பாகத் தெரியும். அப்போது முன்விளிம்பை இன்னும் தாழ்த்தி, தாழ்வாக வீச வேண்டும்.

ஆட்டம் தீர்மானமாவது கூடையருகில். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், எறிந்த பிறகு சமநிலையோடு நிற்பதைக் காட்டிவிட்டுத்தான் முன்னே நகரலாம். எறிந்த வேகத்தில் முன்னால் சாய்ந்து கால் வைத்தால் அது தவறான எறி. குறி முழுக் கூடையாக இருக்கக் கூடாது; ஒரே ஒரு சங்கிலிக் கண்ணியைப் பாருங்கள். வலது கைக்காரருக்கு நடுக்கம்பத்தின் வலப்பக்கம் நல்லது, சங்கிலி அங்கே தட்டைப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் பலமாகப் பட்டால் உள்ளே போனது வெளியே துள்ளிவரும். கூடையின் தலையில் போய் உட்கார்ந்த தட்டு கணக்கில் சேராது.

தார்த் தரை பள்ளிக்கே உரிய தொல்லை. தட்டையாக விழுந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். விளிம்பால் விழுந்தால் சக்கரம் போல உருண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கே போகும். அங்கெல்லாம் பெரும்பாலும் எல்லை தாண்டியதாகவே கணக்கு: ஒரு எறி அபராதம், கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து ஆட வேண்டும். முதல் எறி இப்படிப் போனால், அடுத்து நீங்கள் வீசுவது மூன்றாவது. தொலைந்த தட்டைத் தேட 3 நிமிடம். கூரையில் சிக்கியதை எடுக்க ஏறாதீர்கள், அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இடம் குறைவு என்பதால், ஒரே கூடைக்கு இரண்டு மூன்று எறிமேடைகள் வைத்திருப்பார்கள்; பாதைகள் ஒன்றையொன்று வெட்டும். முன்னால் இருப்பவர் கூடையை விட்டு நகரும்வரை வீசாதீர்கள். தட்டு யார் பக்கமாவது திரும்பிவிட்டால் உடனே ‘ஃபோர்!’ என்று கத்துங்கள்; அது கோல்ஃபிலிருந்து வந்த எச்சரிக்கைக் குரல். பள்ளி நேரத்தில் ஆட வேண்டாம். விடுமுறையிலும் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் அந்தக் குழியை விட்டு அடுத்ததற்குப் போங்கள். 170 கிராம் பிளாஸ்டிக் நெற்றியில் பட்டால் தையல் போட வேண்டிவரும்.

கூடையே இல்லாத பள்ளியா? 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிலையான களத்திலும் தொடக்கத்தில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடை பிறகு வந்தது. ஒரு மரத்தையோ கம்பத்தையோ தேர்ந்து, தரையிலிருந்து இடுப்பளவுக்கும் தலையளவுக்கும் நடுவே துணி கட்டி அடையாளமிடுங்கள். அந்தப் பகுதியில் தட்டு பட்டாலே குழி முடிந்தது. ஜன்னல் இருக்கும் சுவருக்கு எதிர்த்திசையில் முதல் இலக்கை வையுங்கள்.