பட்டாளத்துக் கொள்ளுத்தாத்தாவைத் தேடி வண்ணாரப்பேட்டைக்குச் செல்வோருக்கு

பட்டாளம் என்றே ஒரு பேட்டைக்குப் பெயர் உள்ள வடசென்னையில், படையில் இருந்த முன்னோரின் காகிதம் எளிதில் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் நானும் டொராண்டோவில் விமானம் ஏறினேன். என் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து, முதல் உலகப்போரில் இராக்கின் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர். திரும்பியவர் என்பதுதான் சிக்கல். போரில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றித் தேடலாம். பஸ்ரா நினைவிடத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் பொறிக்காமல் விட்டவர்கள்கூட, பட்டியலில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். உயிரோடு ஊர் திரும்பி, பழைய வண்ணாரப்பேட்டையில் கிழவராகிச் செத்தவருக்கு அந்த வசதி இல்லை. படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். சிப்பாயின் படை எண் இல்லாமல் எழுதாதீர்கள். முனுசாமி என்ற பெயரை நான்கு எழுத்தர்கள் நான்கு விதமான ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒற்றைச் சிப்பாயைத் தேடி விடுப்பு நாள்களை வீணாக்க வேண்டாம். அங்கே மிகுதியாக இருப்பவை அரசாணைகளும் வருவாய்த்துறைக் கோப்புகளும். மாநகராட்சியில் இறப்புப் பதிவு கேட்கப் போகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களின் காலக்கணக்கை ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். "தாளமுத்து செத்த வருஷத்து ஆவணி" என்று கொள்ளுத்தாத்தா இறந்த மாதத்தை எங்கள் ஆயா சொல்லிக்கொண்டே இருந்தது, 1939 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரையிலான ஒரே மாதம் என்று எனக்கு உறைத்தது டொராண்டோவுக்குத் திரும்பிய பிறகுதான். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939இல் இறந்த தாளமுத்து, நடராசன் இருவரின் நினைவிடம் இருக்கும் அதே மூலக்கொத்தளத்தில்தான் கொள்ளுத்தாத்தாவையும் எரித்தார்கள். நானோ எழுத்தரிடம் "முப்பதுகளின் கடைசி" என்று சொல்லி நின்றேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. என்னைப் போல வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை அதற்குச் செல்லாது. ஆகவே சித்தப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. படை எண் இருந்த டிஸ்சார்ஜ் காகிதமும் அவரிடம்தான்: காகிதம் ஆயாவின் டிரங்குப் பெட்டியில், பெட்டி அவர் கட்டிலுக்கடியில், சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

"ஆயா கருமாதிக்கு வராதவன் இப்ப காயிதத்துக்கு வந்துகீறியா?" என்றார். அந்த வாரம் விடுப்பு கிடைக்கவில்லை என்பது உண்மை. நான் அழுத்திக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

மறுநாள் பெட்டியைத் திறப்பதாகச் சொன்னவர், மறுநாள் பத்திர எழுத்தரோடு வந்தார். வீட்டில் என் அப்பாவின் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதுமாம். ஒன்பது நாள், வஞ்சிரக் குழம்பு ஊற்றிய ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்தது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல், வேறு வாரிசுகளைக் கேட்காமல், விமானம் ஏறும் அவசரத்தில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். "அங்கே போய்ப் பவர் அனுப்புகிறேன்" என்று நழுவுபவர்கள், வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்துக்கு அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு நழுவுங்கள். நான் தங்கையைக் கேட்க வேண்டும் என்று சொல்லி நழுவினேன்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, அவராகவே சாவியை அவிழ்த்தார். நான்காக மடித்த காகிதம் மடிப்புகளில் விட்டுப்போய், செல்லோடேப் ஒட்டிய இடமெல்லாம் தேன் நிறமாகியிருந்தது. தகப்பன் பெயர், தாலுகா, வலது முழங்காலில் தழும்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படை எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் டேப்புக்கு அடியில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் படமெடுத்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பகல் மிச்சமில்லை.

இரண்டு எண்களையும் குறிப்பிட்டு மனுவை நான் எழுத, சித்தப்பா கையெழுத்திட்டார். நூறாண்டுக்கு முந்தைய ஏடு அங்கே எஞ்சியிருக்கிறதா என்பது வேறு கதை. பதில் அவர் முகவரிக்குத்தான் வரும். தபால் வந்ததா என்று கேட்க ஞாயிறுதோறும் அழைக்கிறேன். தங்கையைக் கேட்டாயா என்று விசாரித்த பிறகே, இன்னும் வரவில்லை என்கிறார்.