"அதெல்லாம் ஆயிருங்ணா" என்கிற ஆபரேட்டரிடம் வேலை வாங்குவது எப்படி?

கோவை கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் இருக்கிற சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) ஜாப் ஒர்க் பட்டறைகளில், அதாவது அடுத்த கம்பெனிகளுக்குப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் இடங்களில், இப்படி ஒருவரைப் பார்க்கலாம். வேலை தெரிந்தவர், கையும் வேகம். ஆனால் மூன்று மணி நேரச் செட்டிங்கை (புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்வதை) ஒன்றரை மணியில் முடிப்பேன் என்பார். முதல் பீஸைச் சரியாக அளக்காமல் லாட்டை, அதாவது மொத்த பீஸ்களையும், ஓட்டுவார். கேட்டால் "அதெல்லாம் ஆயிருங்ணா" என்பார். திட்டினால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார், இல்லையென்றால் கெட்டுப்போன பீஸை மறைக்கப் பழகுவார். இரண்டாவதில்தான் நஷ்டம் அதிகம். அவர் வாய்ச்சொல்லோடு மல்லுக்கட்டாமல், அவர் கையெழுத்திலேயே கணக்கை எழுத வைப்பதுதான் இந்த முறை. புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவர்களுக்காக எழுதியது.

படி 1: ரிஜிஸ்டரைப் பாருங்கள்

கடைசி மூன்று மாத ரிஜெக்ஷன், ரீஒர்க், டெலிவரி தேதிகளை எடுங்கள். அவர் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போனால் அவரிடம் குறை இல்லை. அவர் பேசும் தோரணை உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒத்துப்போகவில்லை என்றால் எதில் என்று பிரியுங்கள். நேரத்தைக் குறைத்துச் சொல்கிறாரா, அளவு பார்ப்பதைத் தவிர்க்கிறாரா, அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லையா? மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

படி 2: வேலைக்கு முன்பே எழுத வையுங்கள்

ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஜாப், செட்டிங் நேரம் குறைந்தது எவ்வளவு, அதிகம் போனால் எவ்வளவு, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகலாம், கடைசியில் நடந்தது என்ன. முதல் நான்கையும் மெஷினில் கை வைப்பதற்கு முன் அவரே பேனாவால் எழுத வேண்டும். "பத்து ஜாப்புல ஒன்பதாச்சும் இந்த ரெண்டு நேரத்துக்கு நடுவுல முடியணும், அந்த அளவுக்கு இடம் விட்டு எழுதுங்க" என்று சொல்லுங்கள். பத்து முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒன்பது உள்ளே விழுந்திருப்பது அபூர்வம்.

காரணம் சோம்பேறித்தனம் அல்ல. மனதுக்குள் வேலையை ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் தடையில்லாமல் ஓடும். இன்சர்ட் (வெட்டும் முனை) உடைவது, சாஃப்ட் ஜாவை (ஜாப்பைப் பிடிக்கும் தாடையை) அளவுக்குப் போர் பண்ணுவது, கரன்ட் போவது, க்யூசி (தரம் பார்க்கும்) ஆள் சாப்பிடப் போயிருப்பது எதுவும் அங்கே வராது. கனடாவில் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்ட ஓர் ஆய்வு 1994-ல் வெளிவந்தது. சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு என்று கேட்டதற்கும் 48.6 நாள்தான் சொன்னார்கள். படித்தவர்கள் கதையே இதுதான் என்பதால், ஆபரேட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது.

நோட்டு கெட்டுப்போகும் வழிகள் மூன்று. அவருக்கு மட்டும் வைத்தால் தண்டனை மாதிரித் தெரியும்; ஷிப்டில் எல்லோருக்கும் வையுங்கள், உங்களுக்கும் சேர்த்து. சம்பளத்தோடோ இன்சென்டிவோடோ முடிச்சுப் போட்டால் நேரத்தைக் கூட்டி எழுத ஆரம்பிப்பார். வேலை முடிந்தபின் எழுதினால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்! முதல் இரண்டு வாரம் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

படி 3: செக்கிங்கை ஆளைப் பார்த்து வைக்காதீர்கள்

இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் புது செட்டிங் என்றால் டிரை ரன் (வெட்டாமல் ஓட்டிப் பார்ப்பது), சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி) முதல் பீஸ், ரேபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) 25 சதவீதம், க்யூசி கையெழுத்து, அப்புறம்தான் லாட். "உன் மேல சந்தேகம்" என்று இல்லாமல் "மெஷின் மேல சந்தேகம்" என்று இருந்தால் ரோஷம் வராது.

இங்கே அடிக்கடி கேட்பது "வெர்னியர்ல பாத்துட்டேங்ணா". டிராயிங்கில் 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்குச் சின்ன எழுத்து ஹெச்7 (h7) என்று இருந்தால் அளவு 24.979-லிருந்து 25.000 வரைதான் இருக்கலாம். மொத்த டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0.021. வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02. அதில் பார்த்ததும் பார்க்காததும் ஒன்றுதான். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது காட்டும் கருவி வேண்டும் என்பது பொது விதி; இந்த ஷாஃப்ட்டுக்கு 0.001 காட்டும் மைக்ரோமீட்டர்.

முதல் பீஸ் சரியாக வந்தால் கடைசி பீஸும் சரி என்பது அடுத்த நம்பிக்கை. இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் முதல் பீஸை 24.985 பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், பத்து பீஸுக்கு ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள். அந்த அளவுகள் ஏறுவதை அவரே பார்த்துவிட்டால் நீங்கள் விளக்கவே தேவையில்லை.

படி 4: தனியாக, கால் மணி நேரம்

பேச்சு ஷிப்ட் ஆரம்பத்தில், ஆபீஸ் அறையில். மெஷின் பக்கத்தில் ஹெல்ப்பர்கள் முன்னால் வேண்டாம். அங்கே அவர் தன் கௌரவத்தைத்தான் காப்பாற்றப் பார்ப்பார். "தலைக்கனம்", "ஓவர் கான்ஃபிடன்ஸ்" என்ற வார்த்தைகள் உங்கள் வாயில் வரவே கூடாது. நோட்டை விரித்து வைத்து இப்படிக் கேளுங்கள்:

"தம்பி, அடுத்த லாட் ரிஜெக்ட் ஆயிருச்சுன்னே வெச்சுக்குவோம். எதனால ஆகியிருக்கும்? மூணு காரணம் சொல்லுங்க."

"ஆகுமா?" என்று கேட்டால் "ஆகாது" என்பார். ஆகிவிட்டது என்று வைத்துக் கேட்டால் யோசிப்பார். மெட்டீரியல் ஹார்ட்னஸ், இன்சர்ட், கூலன்ட் என்று அவர் சொல்லும் காரணங்களையே செக் லிஸ்டில் அவர் பெயர் போட்டு ஏற்றுங்கள்.

படி 5: பொறுப்பைக் கணக்குப்படி கூட்டுங்கள்

கஷ்டமான ஜாப் கேட்பார். கொடுங்கள், ஆனால் ஐந்து பீஸ் லாட்டில், விலை குறைந்த எம்எஸ் (சாதா இரும்பு) ராடில். எந்த வகை வேலையில் நோட்டு தொடர்ந்து ஒத்துப்போகிறதோ அதில் முதல் பீஸ் கையெழுத்து அதிகாரத்தையே கொடுத்துவிடலாம். ஒத்துப்போகாதவரை புதுப் பையன்களை அவரிடம் பழக விடாதீர்கள். வேகத்தை விட, செக்கிங்கைத் தாண்டிப் போவதைத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் நோட்டும் பொறுமையும் கிடையாது. டோர் இன்டர்லாக்கை (கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பை) வேலை செய்யாதபடி கட்டிவிட்டு ஓட்டுவது, சுற்றும் ஜாப்பின் பக்கம் கிளவுஸோடு கையை நீட்டுவது, சிப்ஸைக் கையால் இழுப்பது: அன்றைக்கே மெஷினை நிறுத்தி, எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். இரண்டாம் முறை நடந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள், டெலிவரி எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.