கஸ்டம் வாட்டர் கூலிங்: கேபினட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் ஓட்டித் தணிக்கும் அமைப்பை, அதாவது கஸ்டம் லூப்பை, பாகம் பாகமாக வாங்கிப் போட நினைப்பவர்கள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, பம்ப், தண்ணீரைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அலசிப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் உட்காரும் பெட்டியான கேபினட்டை மட்டும் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறார்கள். பம்ப் சரியில்லை என்றால் பம்பை மட்டும் மாற்றலாம். கேபினட் சரியில்லை என்றால் தண்ணீரை இறக்கி, டியூப்களைக் கழற்றி, மொத்த லூப்பையும் பிரிக்க வேண்டும். வளைத்துப் போட்ட ஹார்டு டியூப்கள் (விறைப்பான குழாய்கள்) அடுத்த கேபினட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இப்போது ஓசூரில் டிசைன், ரெண்டரிங் வேலை செய்பவர்களும் தருமபுரி, கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். சாமான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ ஆன்லைனிலோ வருகிறது. பெரிய கேபினட் கண்ணாடியோடு 15 கிலோவைத் தொடும். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ இருந்துகொண்டு அதைத் திருப்பி அனுப்புவது பெரிய அலைச்சல். அதனால் வாங்குவதற்கு முன்பே அளவெடுப்பது நமக்கு இன்னும் முக்கியம்.

“360 ரேடியேட்டர் பொருந்தும்” என்பதை அப்படியே நம்புவது

நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு இதுதான். பெட்டியில் “மேலே 360, முன்னால் 360, கீழே 240” என்று போட்டிருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாட்டலாம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல கேபினட்களில் அந்த அளவுகள் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டவை. முன்னால் தடிமனான ரேடியேட்டரை மாட்டினால் மேலே இருப்பது அதன்மேல் இடிக்கும். கீழே மாட்டினால் முன்பக்க ரேடியேட்டர் இறங்காது. எவையெல்லாம் சேர்ந்து பொருந்தும் என்பது தயாரிப்பாளரின் மேனுவலில்தான் இருக்கும். அதை டவுன்லோடு செய்து படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது, 360 என்பது ரேடியேட்டரின் நீளம் கிடையாது. மூன்று 120 மி.மீ. ஃபேன் பிடிக்கும் என்று அர்த்தம். இரண்டு முனையிலும் தண்ணீர் அறை இருப்பதால் உண்மையான நீளம் ஏறக்குறைய 390 முதல் 400 மி.மீ. வரை வரும். அதற்கு மேல் டியூபை இணைக்கும் திருகு மூட்டான ஃபிட்டிங்குக்கும், டியூப் திரும்புவதற்கும் இடம் வேண்டும். முன்பக்க ரேடியேட்டரும் மேல் ரேடியேட்டரும் சந்திக்கும் மூலையில்தான் பலருடைய திட்டம் உடைகிறது. இரண்டும் உள்ளே போய்விடும், ஃபிட்டிங்கைத் திருகக் கை போகாது.

தடிமனைப் பார்ப்போம். மெல்லிய ரேடியேட்டர் 30 மி.மீ. அளவில் இருக்கும், நடுத்தரம் 45, தடிமனானது 60. ஃபேனுக்கு 25 சேருங்கள். 30 என்பது 55 ஆகிறது, 45 என்பது 70. ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் ஃபேன் போடும் ஆசை இருந்தால் 45 என்பது 95 ஆகிவிடும். மேலே மாட்டுவதாக இருந்தால் கூரைத் தகட்டிலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு வரை இந்த அளவு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த விளிம்பில்தான் பிராசஸருக்கான 8 பின் பவர் கேபிள் சொருகும் இடமும் சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டான ஹீட்சிங்கும் இருக்கின்றன. சில கேபினட்களில் ரேடியேட்டர் மாட்டும் துளைகளை மதர்போர்டிலிருந்து கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். அவற்றில் 120 அகல ரேடியேட்டர் தப்பித்துக்கொள்ளும். 280, 420 போன்ற 140 அகல ரேடியேட்டர்கள் உயரமான ரேமில் முட்டும் வாய்ப்பு அதிகம். “ரேம் உயரம் குறைவாக இருந்தால் மட்டும்” என்ற வரி ஸ்பெக் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு நீளமும் இதே கணக்குதான். 400 மி.மீ. கார்டு வரை பிடிக்கும் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். முன்னால் 45 தடிமன் ரேடியேட்டரும் ஃபேனும் வந்தால் 70 போய் மிச்சம் 330. ஆர்டிஎக்ஸ் 4090 வகையில் பல கம்பெனி கார்டுகள் 330 மி.மீ.யைத் தாண்டும். வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து தண்ணீரால் சூட்டை எடுக்கும் பாகம்) போட்டால் பெரிய ஹீட்சிங்க் கழன்று கார்டு குட்டையாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பிளாக் வந்து சேரும் வரை பழைய கூலரோடுதான் ஓட்டியாக வேண்டும். அந்த இடைப்பட்ட காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

இதற்கெல்லாம் நான் சொல்லும் வழி எளிமையானது. மாம்பழப் பெட்டி அட்டை நம் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரேடியேட்டர், ஃபேன், பம்ப், தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயர் ஒவ்வொன்றின் அளவிலும் அட்டையை வெட்டி, மடித்து ஒட்டுங்கள். எஸ்.பி. ரோட்டுக்கு நேரில் போகிறீர்கள் என்றால் அவற்றையும் இன்ச் டேப்பையும் எடுத்துப் போய், டிஸ்ப்ளேயில் இருக்கும் கேபினட்டைத் திறந்து காட்டச் சொல்லி உள்ளே வைத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

நம் வெயிலை மறப்பது

வாட்டர் கூலிங் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ரேடியேட்டர் வேலை செய்வதே அறைக் காற்றை வைத்துத்தான். தேவையான அளவு ரேடியேட்டரும் தடையில்லாத காற்றும் இருந்தால், முழு வேலையில் தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக நிற்கும் என்று திட்டமிடுவது வழக்கம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத தருமபுரி மாடி அறை 38 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 48-க்குப் போகும். அதே லூப்பை முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, ஓரத்தில் மெல்லிய இடுக்கு மட்டும் உள்ள கேபினட்டில் அடைத்தால் அந்த 10 எளிதாக 20 ஆகலாம். அப்போது 58. பல பம்ப்களுக்கும் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் டியூப்களுக்கும் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 60. குளிர்ந்த நாட்டில் இருந்து வீடியோ போடுபவருக்கு 22 டிகிரி அறையில் அதே கேபினட் அருமையாக ஓடும். அவர் சொல்வது பொய்யில்லை, அவருடைய அறை வேறு. ஓசூர் உயரத்தில் இருப்பதால் அங்கே சில டிகிரி தப்பிக்கலாம். தருமபுரியிலும் அரூரிலும் அந்தச் சலுகை கிடையாது.

அதனால் என் கருத்து உறுதியானது: நம் ஊருக்கு மெஷ் (காற்று புகும் வலைத் தகடு) முகப்பு உள்ள கேபினட்டையே எடுங்கள். கண்ணாடி பக்கவாட்டில் இருக்கட்டும். 2018-இல் வந்த லியான் லி ஓ11 டைனமிக் போல முன்பக்கமும் கண்ணாடியாக இருக்கும் கேபினட்தான் பிடித்திருக்கிறது என்றால், காற்று கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் உள்ளே வர வேண்டும். அந்த இரண்டு வழியையும் சுவரோ மேசைப் பலகையோ மறைக்காத இடம் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த வகையில் எனக்குப் பிடித்த நன்மை ஒன்று உண்டு: எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) பின்னால் தனி அறையில் உட்கார்ந்திருக்கும். லூப்பில் கசிவு வந்தால் நேராக அதன்மேல் சொட்டாது.

காற்றோட்டத்துக்குப் பேர்போன கேபினட் என்பதாலேயே லூப்புக்கு ஏற்றது என்றும் முடிவு செய்யாதீர்கள். ஃபிராக்டல் டிசைன் டாரன்ட் காற்றில் கூலிங் செய்ய மிகச் சிறந்தது. ஆனால் அதில் எஸ்எம்பிஎஸ் மேலே இருப்பதால் கூரையில் ரேடியேட்டர் மாட்ட முடியாது, முன்பக்கமும் கீழும், பின்னால் சிறியது ஒன்றும்தான்.

தூசியை வழிக்க வசதி இல்லாதது

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் வெட்டும், பாலிஷ் போடும் இடங்கள் நிறைய. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் வீடோ கடையோ இருந்தால் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். ஃபேன் இழுக்கும் தூசி ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவில் போய்ப் படியும். லூப்பைப் பிரிக்காமல் அதை முழுமையாகச் சுத்தம் செய்வது கஷ்டம். ஃபில்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அது எந்தப் பக்கம் கழல்கிறது என்று கேளுங்கள். கீழ் ஃபில்டர் பின்பக்கமாக உருவும்படி இருந்தால், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் நிறைந்த கனமான பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்த வேண்டும். இரண்டு தடவை செய்துவிட்டு மூன்றாவது தடவை விட்டுவிடுவோம். முன்பக்கமாக உருவ முடிந்தால் வாரம் ஒருமுறை தட்டிப் போடலாம். கீழே ரேடியேட்டர் வைப்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்கவே வேண்டாம், ஒரு ஸ்டூலாவது போடுங்கள்.

பம்ப், ரிசர்வாயர், டிரெயினுக்கு இடம் யோசிக்காதது

ரேடியேட்டரை எண்ணி முடித்த உற்சாகத்தில் பம்பை மறந்துவிடுகிறார்கள். டி5 என்ற வகைப் பம்பும் ரிசர்வாயரும் சேர்ந்த செட் ஒன்று நிற்க நல்ல உயரம் வேண்டும். சில கேபினட்டில் ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும், சிலவற்றில் அந்தக் கூண்டு ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும். பம்புக்குத் தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கி வர வேண்டும், அது காய்ந்து ஓடக் கூடாது. அதனால் ரிசர்வாயர் எப்போதும் பம்புக்கு மேலேயே இருக்கும்படி இடம் பாருங்கள்.

தண்ணீரை இறக்கும் டிரெயின் வால்வு லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு கிண்ணம் வைக்கவோ குழாயை வெளியே நீட்டவோ வழி இருக்கிறதா? நிரப்பும் இடம் மேலே இருக்க வேண்டும். மேல் மூடி கையால் கழலும் கேபினட் இந்த வேலைக்குப் பெரிய நிம்மதி. இதையெல்லாம் வலியுறுத்த உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. நம் மாவட்டங்களின் போர் தண்ணீரில் உப்பும் ஃப்ளோரைடும் அதிகம். குடிநீருக்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட பகுதி இது. அந்தத் தண்ணீரை லூப்பில் ஊற்றினால் பிளாக்கின் நுண்ணிய வரிகளில் உப்பு படியும். கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் துரு, பாசி பிடிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்த்து ஊற்றுங்கள், இல்லையென்றால் ரெடிமேட் கூலன்ட் வாங்குங்கள். எதை ஊற்றினாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். டிரெயின் இல்லாத கேபினட்டில் அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம்.

டிஸ்ட்ரோ பிளேட் (தண்ணீர் ஓடும் வழிகளை உள்ளேயே வெட்டிய பலகை) பற்றி இரண்டு வார்த்தை. பார்க்க அழகு, டியூப் ஓட்டமும் நேராக வரும். ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒரு மாடல் கேபினட்டுக்காகச் செய்யப்பட்டவை. கேபினட்டையும் பிளேட்டையும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஸ்க்ரூ. கேபினட்டோடு வரும் ஸ்க்ரூவை ரேடியேட்டரில் போடாதீர்கள். ரேடியேட்டரோடு வந்ததையே போடுங்கள். ஃபேன் வழியாகப் போவதற்கு வழக்கமாக 30 மி.மீ. நீளம், தகட்டில் நேராக மாட்டுவதற்கு 5 அல்லது 6. நீளமான ஸ்க்ரூ உள்ளே போய்த் தண்ணீர்க் குழலைத் துளைத்தால் புது ரேடியேட்டர் அன்றே வீண்.

கடைசியாக, தூக்கிப் போவது. கண்ணாடி, செம்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் தூக்கும் எடை இருக்காது. வேலை விஷயமாக அடிக்கடி இடம் மாற்றுபவர்கள் நடுத்தர அளவு கேபினட், சாஃப்ட் டியூப், ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்று அடக்கமாகப் போவது நல்லது. வண்டியில் ஏற்றும் முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள். பெங்களூருவில் வாங்கிக்கொண்டு வருபவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கண்ணாடியின் நான்கு மூலைகளையும் ரேடியேட்டர் மாட்டும் தகடு வளையாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு பில்லை வாங்குங்கள்.